'ஏழாம் உலக'த்தையும் 'நான் கடவு'ளையும் ஒப்பிடுவது எப்படி

"படம் நாவல் மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். எங்கே மாறியது என்று காட்டத்தான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' (2003) பிடித்துப்போய், அதைத் தழுவி பாலா எடுத்த 'நான் கடவுள்' (2009) படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் நாகர்கோவில் பக்கம் நிறைய உண்டு, நானும் அதில் சேர்த்தி.

முதலில் நாவலை மறுபடி படியுங்கள். எப்போதோ படித்த ஞாபகத்தை நம்பினால், மனதுக்குள் நீங்களே எடுத்து வைத்திருக்கும் படத்தோடுதான் பாலாவின் படத்தை ஒப்பிடுவீர்கள். என்னென்ன வெட்டினார்கள் என்ற பட்டியலைச் சீக்கிரம் முடியுங்கள், அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பழி யார் தலையில் விழுகிறது? நாவலில் போத்திவேலு பண்டாரம் உடற்குறை உள்ளவர்களைப் பிச்சையெடுக்க வைத்து, 'உருப்படி' என்று சொல்லி வாங்கி விற்கிறவர், அந்த உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பெறுகிற பிள்ளையும் அவருக்கு வரவுக் கணக்குதான். அதே ஆள் வீட்டில் பெண்டாட்டியிடம் ஏச்சு வாங்குகிறார், மகள்களைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று மறுகுகிறார், முருகனைக் கும்பிடுகிறார். வடசேரி சந்தையில் பக்கத்தில் வந்து நின்றால் ஒதுங்கி வழிவிட்டிருப்போம், அத்தனை மரியாதையான தோற்றம். படத்தில் அந்த இடத்துக்குத் தாண்டவன் வருகிறான். அந்த வேடத்தில் நடித்த ராஜேந்திரனைப் பார்த்த மாத்திரத்தில் வில்லன் என்று தெரிந்துவிடுகிறது, காசியிலிருந்து வந்த அகோரிச் சாமியார் கதாநாயகன் கணக்கைத் தீர்த்துவிடுகிறான், நாமும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். நாவலில் காப்பாற்ற ஒருத்தரும் வருவதில்லை. என் ஏமாற்றம் மொத்தமும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேறு இடமாக இருக்கலாம், ஆனால் ஒரு இடத்தைக் கை வைத்துக் காட்டுங்கள்.

பேச்சையும் பாருங்கள், இதில் குமரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலையாளம் கலந்த நம்மூர்த் தமிழில் வரும் உரையாடலை ஒரு பக்கம் சத்தம் போட்டு வாசியுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு படத்தில் ஒரு காட்சியைக் கேளுங்கள். ஊர் எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

சரி, படத்துக்கு உள்ள நியாயத்தையும் கொடுத்துவிடுங்கள். காசியும் அகோரியும் நாவலில் கிடையாது, அந்தப் பகுதியை நாவலை வைத்து அளக்க முடியாது. வசனம் எழுதியது ஜெயமோகனே, அதனால் "நாவல் புரியாமல் எடுத்துவிட்டார்கள்" என்ற வாதம் இங்கே எடுபடாது. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் இதற்குத்தான் கிடைத்தது. பிச்சையெடுப்பவர்கள் தங்களுக்குள் அடிக்கும் நக்கலும் சிரிப்பும் நாவலின் பெரிய பலம். படத்திலும் அது கெடாமல் வந்திருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு வெறும் வசையாகிவிடும்.

எழுதி முடித்ததும் படம் மட்டும் பார்த்த ஒருவரிடம் போத்திவேலுவைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். "வில்லனுக்கு எதுக்குவே குடும்பம்?" என்று கேட்டால் புத்தகத்தைக் கொடுங்கள், மறக்காமல் திரும்ப வாங்கிவிடுங்கள்.