பழைய எம்.ஜி. மிட்ஜெட் மிஸ் அடிக்கிறதா? காபரேற்றரில் கை வைக்க முன் இதைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் மொறிஸ் மைனரும் ஏ-40உம்தான் நினைவுக்கு வரும். எம்.ஜி. மிட்ஜெட் போன்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வீட்டில் நின்றால், அதைத் திருத்த யாரைப் பிடிப்பது என்று யோசனை வருவது நியாயம். ஆனால் 1966 முதல் 1974 வரை வந்த மிட்ஜெட்டின் 1275 சி.சி. எஞ்சின், மைனரில் 1952 தொடக்கம் இருக்கும் ஏ-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மைனரில் கை பழகிய எந்த மெக்கானிக் அண்ணைக்கும் அது புதிதல்ல. அவரிடம் போக முன், குறை எந்தப் பக்கம் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

தொண்ணூறுகளில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. எஞ்சின் திக்கினால் உடனே, பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் காபரேற்றரைக் கழற்றும் பழக்கம் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்கொரு சந்தேகம். அந்த அவசரம் வேண்டாம். முதலில் பொறி, அப்புறம் பெற்றோல், கடைசியாகக் கொம்பிரெஷன், அதாவது சிலின்டருக்குள் ஏறும் அமுக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும்.

முதல் படி: குறையைச் சரியாகக் கேளுங்கள்

நின்ற இடத்தில் 'டப்… டப்…' என்று ஒரே தாளத்தில் விட்டு விட்டு அடித்தால், ஒரு சிலின்டர் வேலை செய்யவில்லை என்று எடுக்கலாம். நின்றால் நன்றாக ஓடி, அக்சிலேற்றரை மிதித்ததும் ஒரு கணம் மூச்சு வாங்கினால் அது வேறு கதை. இந்த இரண்டாவது குறை எஞ்சினுக்குப் பாரம் ஏறும்போதுதான் தெரியும். எங்களிடம் மலை இல்லை. ஆகவே போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் பண்ணைத் தாம்போதிக்குப் போய், நாலாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடிக்கொண்டு மெதுவாக மிதித்துப் பாருங்கள். கடற்காற்று எதிர்த்து அடித்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் படி: எந்தச் சிலின்டர்?

ஒன்றாம் சிலின்டர் ரேடியேற்றர் பக்கம். எரியும் ஒழுங்கு 1-3-4-2. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் உடம்போடு தொடுத்து வைத்துவிட்டு ஸ்ராட் பண்ணுங்கள். சத்தம் இன்னும் மோசமானால் அந்தச் சிலின்டர் நல்லது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். இப்படி நாலையும் பாருங்கள். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் வயரை இழுக்காதீர்கள், அடி பலமாக விழும். சாரத்தோடு நின்று செய்யவும் வேண்டாம், விசிறி பக்கத்திலேயே சுற்றுகிறது.

பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் மண்ணிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூட. வெள்ளையாக வெந்திருந்தால் பெற்றோல் குறைவு. எண்ணெய்ப் பசை என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. இடைவெளி 0.025 அங்குலம்.

இந்த எஞ்சினில் ஒரு வசதி உண்டு. முன் காபரேற்றர் 1, 2ஆம் சிலின்டர்களுக்கும் பின் காபரேற்றர் 3, 4ஆம் சிலின்டர்களுக்கும் ஊட்டுகிறது. முன் இரண்டு பிளக்குகள் மட்டும் வெளுத்திருந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகிவிட்டது.

மூன்றாம் படி: டிஸ்ரிபியூட்டர்

பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுவது இதுதான். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மூடியைக் கழற்றி உட்பக்கத்தை ரோச் அடித்துப் பாருங்கள். பென்சில் கோடு போல மெல்லிய கருங்கோடு ஓடினால் பொறி அந்த வழியே கள்ளமாகப் போகிறது, மூடியை மாற்ற வேண்டும். கார்த்திகை மழைக்காலத்தில் உள்ளே ஈரமும் பிடிக்கும், துடைத்துக் காயவிட்டாலே சில கார்கள் சரியாகிவிடும். இரவில் விளக்கை அணைத்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த பிளக் வயர்களில் நீலப் பொறி பாய்வது கண்ணுக்கே தெரியும்.

டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் பொயின்ற். அது முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி சுமார் 0.015 அங்குலம் இருக்க வேண்டும். முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், பொயின்ற் கருகாமல் காக்கும் கொண்டென்சரையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். சூடேறிய பின் மட்டும் மிஸ் அடித்தால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும்.

பலர் பார்க்காமல் விடுவது, பொயின்றுக்குப் போகும் அந்தக் குட்டி வயரை. வெற்றிடக் குழாய் உள்ள டிஸ்ரிபியூட்டர் என்றால், மிதிக்கும்போது அது பொயின்ற் தட்டைத் திருப்பும், தட்டோடு சேர்ந்து வயரும் வளையும். வளைந்து வளைந்து உள்ளே செம்பு இற்றுப்போயிருக்கும், மேலுறை மட்டும் புதிது போல இருக்கும். விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே கம்பி இல்லை. மிதித்தால் திக்கும் கார்களில் நான் காபரேற்றருக்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

நான்காம் படி: இப்போது காபரேற்றர்

இந்தக் காரில் இருப்பது எஸ்.யூ. வகைக் காபரேற்றர். அதன் மேல் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். மிதித்ததும் காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே போகாமல் தடுத்து, அந்தக் கணத்துக்குக் கொஞ்சம் கூடுதல் பெற்றோல் கிடைக்கச் செய்வது அந்த எண்ணெய்தான். வற்றியிருந்தால் எஞ்சின் மூச்சு வாங்கும். சாதாரண 20 எண் எஞ்சின் ஒயில் போதும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும்.

அடுத்து, எஞ்சின் சூடாக ஓடும்போது பக்கத்திலுள்ள ஊசியால் பிஸ்டனை ஒரு மயிரளவு உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றுக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. குறைவு என்று காட்டினால் பெற்றோல் வரும் ஜெற்றைத் திருக முன், காபரேற்றர் அடியிலும் மனிபோல்ட் இணைப்பிலும் கொஞ்சம் தண்ணீர் விசிறுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது.

ஓடி ஓடிச் சில நிமிடத்தில் அணைகிறதா? பெற்றோல் ராங்கின் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. நீண்ட நாள் நின்ற கார் என்றால் ராங்கின் கறள் மிதவைக் கிண்ணத்தில் படிந்திருக்கும், அதையும் கழுவுங்கள்.

ஐந்தாம் படி: கொம்பிரெஷன்

முதலில் குளிர்ந்த எஞ்சினில் வால்வு இடைவெளி 0.012 அங்குலமா என்று பாருங்கள். ஈயமில்லாப் பெற்றோலில் ஓடும் பழைய சிலின்டர் தலைகளில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கை தேய்ந்து இந்த இடைவெளி சுருங்கும். பிறகு நாலு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரால் எஞ்சினைச் சுழற்றி, கொம்பிரெஷன் மீற்றரால் ஒவ்வொரு சிலின்டரையும் அளவெடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டாம், மூன்றாம் சிலின்டர்கள் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கஸ்கெற்தான், அதற்குத் தலையைக் கழற்ற வேண்டும். இங்கே மெக்கானிக் அண்ணையைக் கூப்பிடுங்கள்.