ஹோமை விட்டு வெளியேறப்போகும் பிள்ளைக்கு 16 வயதிலேயே செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவில் ஆறு பேருக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் குடும்பத்துக்கு வெளியே தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பேச்சில் எல்லாருக்கும் அது ஹோம்தான். அங்கே வளரும் பிள்ளைக்கு 18 நெருங்கும்போதுதான் "இனி இவன் எங்கே போவான்?" என்ற கவலை வருகிறது. இரண்டு வருடம் முன்பே வந்திருக்க வேண்டிய கவலை அது.

முதலில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்து 30 நாளுக்குள் பதியாவிட்டால் அது தாமதப் பதிவு. கூடுதல் ஆதாரம் கேட்பார்கள். தாய் எங்கே என்றே தெரியாத பிள்ளைக்கு இந்த வேலை நெடுநாள் இழுக்கும். சான்றிதழ் இருந்தால், 16 முடிந்ததும் ஹோம் அஃபேர்ஸ் என்னும் உள்துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போய் அடையாள அட்டைக்கு எழுதிக்கொடுங்கள். முதல் அட்டைக்குக் கட்டணம் கிடையாது. அட்டை வந்ததும் பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மூலத் தாள்களை ஹோமில் பூட்டி வைத்து, சான்றளித்த நகல்களைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

ஹோமில் சேர்த்த நீதிமன்ற உத்தரவு பொதுவாக இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு நீட்டிக்க வேண்டும். சோஷியல் வொர்க்கர் மாறும்போது கோப்பு தேங்கி, தேதி தாண்டிவிடும். அதனால் முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே நினைவூட்டல் குறித்து வையுங்கள்.

18 ஆன அன்றே பெட்டியைக் கட்டச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சிறுவர் சட்டத்தின் 176ஆம் பிரிவு அந்த ஆண்டின் டிசம்பர் முடியும்வரை தங்க இடம் தருகிறது. மார்ச்சில் 18 ஆனவள் ஹோமிலிருந்தே பள்ளி இறுதித் தேர்வான மேட்ரிக் எழுதலாம். படிப்போ தொழிற்பயிற்சியோ மிச்சம் இருந்தால், 21 ஆகும் ஆண்டின் இறுதிவரை தங்க அனுமதி கேட்டு மாகாண சமூக மேம்பாட்டுத் துறைத் தலைவருக்குப் பிள்ளையே விண்ணப்பிக்கலாம். வைத்துக்கொள்ள ஹோம் சம்மதிக்க வேண்டும். படிப்பை முடிக்க அது அவசியம் என்றும் காட்ட வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தையும் ஹோமின் சம்மதக் கடிதத்தையும் இணைத்து, 18 ஆவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

தனியாக வாழும் பழக்கத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். ஐம்பது பேருக்குச் சமைக்கும் அடுப்படியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒருவருக்கு எத்தனை அரிசி போடுவதென்று தெரியாது. அரைக் கோப்பையில் ஆரம்பியுங்கள். வாரம் ஒரு நாள் குறிப்பிட்ட பணத்தைக் கையில் கொடுத்து, கடைக்கு அனுப்பி, பருப்பும் கறியும் அவனையே ஆக்கச் சொல்லுங்கள். பணம் தீர்ந்தால் மேலும் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டை மட்டும் மறுக்காதீர்கள். ப்ரீபெய்டு மின்சாரம் வாங்கி, ரசீதில் உள்ள 20 இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தப் பழக்குங்கள். தினமும் மாத்திரை எடுக்கும் பிள்ளையானால், புது கிளினிக்குக்கு மாற்றுக் கடிதம் வாங்காமல் அனுப்பவே கூடாது. இடையில் மருந்து நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் கோயில் குடும்பங்கள் புரட்டாசி விரதத்துக்கும் தீபாவளிக்கும் பிள்ளையை வீட்டுக்கு அழைக்க ஆசைப்படுவது நல்லதே. ஆனால் சோஷியல் வொர்க்கர் அந்த வீட்டைப் பார்த்து, பெரியவர்களின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் பி பகுதியில் (பிள்ளைகளோடு பணிபுரியத் தகாதவர்களின் பட்டியல்) இல்லை என்று உறுதிசெய்த பிறகே அனுப்புங்கள். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள்; வருடத்துக்கொரு புது வீடு பிள்ளைக்கு உதவாது. வெளியேறிய முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போன் செய்யும் பொறுப்பை, அவனுக்குப் பிடித்த பணியாளர் ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.