பெரிய லாண்டரியில் ஒரு லோடு துணி வெளுப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கான செய்முறை

ஹோட்டல், மருத்துவமனை போன்ற இடங்களின் லாண்டரியில் புதிதாகச் சேருபவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி, "எந்த டிடர்ஜென்ட் நல்லது?" என்பதுதான். பல வருடம் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் என் பதில் இது: டிடர்ஜென்ட் கேனைத் தொடும் முன்பு தராசையும் தண்ணீரையும் பாருங்கள். துணி வெளுக்கவில்லை என்றதும் எல்லோரும் ரசாயனத்தைக் கூட்டுகிறார்கள். குறை பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கும்.

ஜெர்மனியின் சோப்பு, டிடர்ஜென்ட் தயாரிப்பாளரான ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் சொன்ன கணக்கு இன்றுவரை இந்தத் தொழிலுக்கு அடிப்படை. துணி வெளுக்க நான்கு சேர வேண்டும்: ரசாயனம், வெப்பம், நேரம், துணி புரண்டு விழுந்து படுகிற அடி. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு லோடு துணியோடு கூடவே நடந்து பார்ப்போம்.

படி 1: பிரித்து, எடை போடுங்கள்

அழுக்குத் துணியை இரண்டு விதமாகப் பிரிக்க வேண்டும். ஒன்று, துணியின் வகை: முழுப் பருத்தி, பாலியஸ்டர் கலந்தது, சாயம் போட்டது. இன்னொன்று, அழுக்கின் வகை: படுக்கை விரிப்பு, டவல், சமையலறைத் துணி, இரத்தக் கறை பட்டது. சமையலறைத் துணியையும் படுக்கை விரிப்பையும் ஒரே டிரம்மில் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு விரிப்புக்கு ஏறிவிடும். கையுறை இல்லாமல் பிரிக்கவே கூடாது. மருத்துவமனைத் துணிக்குள் ஊசியும் கத்தரியும் வரும்.

பிரித்த துணியை உலர்ந்த நிலையில் எடை போடுங்கள். பருத்திக்குப் பொதுவான கணக்கு, ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் டிரம் கொள்ளளவு. டிரம் 500 லிட்டர் என்றால் 50 கிலோ. பாலியஸ்டர் கலந்த துணி அதிகம் கசங்கும், அதற்குக் கூடுதல் இடம் வேண்டும்; கிலோவுக்கு 12 முதல் 15 லிட்டர் என்று வைத்தால் அதே டிரம்மில் 33 முதல் 41 கிலோ வரைதான். கண்ணளவில் "நிரம்பியாச்சு" என்று கதவை மூடுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. டிரம்மைத் திணித்து அடைத்தால் துணி மேலே போய் விழ இடம் இருக்காது, அடி கிடைக்காது. பாதி லோடு போட்டால் துணி அடியிலேயே வழுக்கிக்கொண்டு சுற்றும். தண்ணீரும் ரசாயனமும் வீண்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் டிடர்ஜென்ட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிச்சம் துணியில் சுண்ணாம்பாகப் படியும். வெள்ளை சாம்பல் நிறமாக மாறுவதும், டவல் பலகை போல விறைப்பதும் இதனால்தான். அதனால் பெரிய லாண்டரியில் சாஃப்ட்னர் பிளான்ட் இருக்கும். துணியில் ஊற்றும் சாஃப்ட்னர் வேறு, இது வேறு. இங்கே ரெசின் நிரப்பிய தொட்டி கடினத் தாதுக்களைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். ரெசின் சோர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டு மீட்க வேண்டும். உப்புத் தொட்டி காலியானது தெரியாமல் வாரக்கணக்கில் கடின நீரிலேயே துவைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சோதனைக் குப்பியும் நாளுக்கு இரண்டு நிமிடமும் போதும், இதைத் தடுக்கலாம்.

இரும்புச் சத்து இன்னும் மோசம். துணியில் படிந்த துரு, பெராக்சைடு ப்ளீச்சோடு சேரும்போது அந்த இடத்தில் மட்டும் வினையை வேகப்படுத்தி நாரை அரித்துவிடும். குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் முதலில் குழாய்களைச் சந்தேகியுங்கள்.

படி 3: இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான லாண்டரிகளின் முதுகெலும்பு வாஷர் எக்ஸ்ட்ராக்டர்தான். ஒரே டிரம்மில் துவைக்கவும் செய்யும், பிழியவும் செய்யும். உள்ளே இருக்கும் பட்டைகள் துணியைத் தூக்கி மேலிருந்து விழவிடுகின்றன. ஒரு மீட்டர் விட்டமுள்ள டிரம் துவைக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 38 சுற்றுதான் சுற்றும். அதற்கு மேல் அதிகம் போனால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விழாது. பிழியும்போது அதே டிரம் 750 சுற்றுக்குப் போனால் புவியீர்ப்பைப் போல 300 மடங்குக்கும் மேலான விசை கிடைக்கும். இதைத்தான் ஜி-ஃபோர்ஸ் என்கிறார்கள். இயந்திரம் வாங்கும்போது சுற்று வேகத்தைக் கேட்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். டிரம்மின் விட்டம் மாறினால் ஒரே வேகத்துக்கு வேறு விசை வரும்.

குறைந்த விசையுள்ள ஹார்ட் மவுன்ட் இயந்திரத்தைக் கான்கிரீட் அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்குவார்கள். அதிக விசையுள்ள சாஃப்ட் மவுன்ட் இயந்திரம் ஸ்பிரிங் அல்லது காற்றுப் பைகள்மேல் நிற்கும். அதிர்வைத் தானே தாங்கிக்கொள்ளும். மருத்துவமனைகளில் பேரியர் வாஷர் இருக்கும். சுவரின் ஒரு பக்கக் கதவில் அழுக்குத் துணி போகும், மறுபக்கக் கதவில் சுத்தமானது வரும். இரண்டு அறைகளின் காற்றும் ஆட்களும் கலக்கக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு.

நாளுக்குப் பல டன் துவைக்கும் இடத்தில் டனல் வாஷர். பெரிய உருளைக்குள் வரிசையாக அறைகள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு லோடும் அடுத்த அறைக்கு நகரும். துணி ஒரு திசையில் போக, அலசும் தண்ணீர் எதிர்த்திசையில் வரும். அலசிய தண்ணீரே முன்பக்கம் அழுக்குத் துணியை நனைக்கப் பயன்படுவதால் கிலோவுக்கு 5 முதல் 8 லிட்டரில் வேலை முடிகிறது. வாஷர் எக்ஸ்ட்ராக்டரில் இது 15 லிட்டருக்கு மேல் போவது சாதாரணம்.

படி 4: ரசாயனங்களை வரிசை மாறாமல் கொடுங்கள்

இங்கே நிதானமாகப் படியுங்கள். வீட்டு சோப்புத்தூளில் எல்லாம் ஒரே பாக்கெட்டில் கலந்திருக்கும். லாண்டரியில் அவை தனித்தனிக் கேன்களில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு.

முதலில் குளிர்ந்த நீரில் முன் அலசல். இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் 40 டிகிரிக்கு மேலான தண்ணீர் பட்டால் வெந்து நாரோடு இறுகிவிடும். அதனால் சூடு பிறகுதான். இந்த ஒரு விதியை மறந்தால் அப்புறம் எந்த ரசாயனமும் சுலபமாகக் காப்பாற்றாது.

அடுத்து மெயின் வாஷ். இங்கே இரண்டு வேலைக்காரர்கள். காஸ்டிக் சோடா, மெட்டாசிலிகேட் போன்ற காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றி, நாரை உப்பவைத்து அழுக்கைத் தளர்த்தும். சர்ஃபக்டன்ட் என்கிற பரப்பு இழுவிசைக் குறைப்பான், தளர்ந்த அழுக்கைச் சூழ்ந்து தண்ணீரில் மிதக்கவிடும். கூடவே பில்டர் என்ற பொருள் மிச்சக் கடினத்தைக் கட்டிப்போடும். மிதக்கும் அழுக்கு மீண்டும் படியாமல் இருக்க சி.எம்.சி. (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ்) போன்ற பொருள் சேர்ப்பார்கள். லாண்டரி டிடர்ஜென்ட்டில் நுரை குறைவாக இருப்பது குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். நுரை மெத்தை போல நடுவில் நின்று துணியின் அடியைக் குறைத்துவிடும். என்சைம் உள்ள பொருள் என்றால் 40 முதல் 60 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்யும். அதோடு குளோரின் ப்ளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், என்சைம் செத்துவிடும்.

ப்ளீச் மூன்று வகை. சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது குளோரின் ப்ளீச், மலிவு, வேகம். ஆனால் 60 டிகிரிக்கு மேல் போனால் பருத்தியையே தின்னும், கம்பளியையும் பட்டையும் பாழாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு மென்மையானது; அதற்குக் காரமும் 70 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வேண்டும். பெரசிட்டிக் அமிலம் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும், கிருமியையும் கொல்லும்.

நான் தொடக்கத்தில் வேலை பார்த்த ஓர் இடத்தில், அறுவைச் சிகிச்சை அறைத் துணிகளில் ப்ளீச் போடப் போட பழுப்புக் கறை கூடிக்கொண்டே போனது. டோஸை இரட்டிப்பாக்கினார்கள், இன்னும் மோசம். காரணம் குளோர்ஹெக்சிடின். அந்தக் கிருமிநாசினி பட்ட துணியில் குளோரின் ப்ளீச் பட்டால் நிரந்தரமான பழுப்புக் கறை விழும். எத்தனையோ நல்ல துணிகள் கிழித்துத் துடைதுணியாகப் போனதைப் பார்த்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் மருத்துவமனைத் துணிக்கு பெராக்சைடு, பெரசிட்டிக் அமிலம் போன்ற ஆக்சிஜன் ப்ளீச்தான் என் தேர்வு.

மருத்துவமனைத் துணிக்குச் சூட்டாலேயே கிருமி நீக்க வேண்டும் என்றால், பிரிட்டனின் வழிகாட்டி 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்கிறது; அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. குறைந்தது 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறது. துணி முழுவதும் அந்தச் சூட்டை அடைந்த பிறகுதான் நிமிடக் கணக்கு தொடங்கும்.

பாலியஸ்டர் கலந்த துணியைச் சூடான கழுவலுக்குப் பிறகு திடீரென்று குளிர்ந்த நீரில் விடாதீர்கள். சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். படிப்படியாகக் குளிரவிடுங்கள்.

அலசல் முடிந்து கடைசித் தண்ணீரில் சவர் எனப்படும் மென்மையான அமிலம். மிச்சக் காரத்தை முறித்து, துணியின் பி.எச். அளவைத் தோலுக்கு நெருக்கமான 5.5–6.5-க்குக் கொண்டுவரும். குளோரின் பயன்படுத்தியிருந்தால் அதற்கு முன்பே மிச்சக் குளோரினை முறிக்கும் ஆன்டிகுளோர் தேவை. சாஃப்ட்னர் டவலுக்குக் கொஞ்சம் போதும். அதிகமானால் டவல் தண்ணீரை உறிஞ்சாது. மேசை விரிப்புக்குக் கஞ்சி.

படி 5: டோசிங் பம்ப்பும் பாதுகாப்பும்

ரசாயனத்தைக் கையால் ஊற்றும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ரோலர் ஒரு ரப்பர் குழாயை அழுத்தி அழுத்தித் திரவத்தைத் தள்ளும் பம்ப்தான் எங்கும். அந்தக் குழாய் நாளடைவில் தளரும், பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், டோஸ் மட்டும் குறைந்திருக்கும். மாதம் ஒருமுறை அளவுக் குவளையில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள்.

ஹைப்போகுளோரைட்டும் சவரும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆளைக் கொல்லும். இரண்டு கேன்களையும் தனித்தனித் தட்டுகளில், தள்ளி வையுங்கள். ஒன்றின் குழாயை மற்றொன்றில் மாற்றிச் செருகிவிடாதபடி நிறப் பட்டை ஒட்டுங்கள். கண்ணில் காரம் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 6: பிழிவது, உலர்த்துவது, அயர்ன் செய்வது

நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியிலும் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி அளவு தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க குறைந்தது 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். 50 கிலோ லோடில் பிழிவதால் இன்னும் 5 கிலோ தண்ணீர் போனால் 3 யூனிட்டுக்கு மேல் மிச்சம், அதுவும் ஒவ்வொரு லோடுக்கும்.

படுக்கை விரிப்பை டிரையரில் முழுவதும் காயவைக்காதீர்கள். ஈரத்தோடேயே பிளாட்வொர்க் அயர்னருக்கு அனுப்புங்கள்; சூடான தட்டுக்கும் உருளைக்கும் நடுவே போகும்போது காய்வதும் மடிப்பு நீங்குவதும் சேர்ந்தே நடக்கும். உருளையின் முழு அகலத்தையும் நிரப்பி விடுங்கள். நடுவிலேயே விட்டால் அந்த இடத்தில் உருளையைச் சுற்றியிருக்கும் பேட் (மெத்தைத் துணி) மட்டும் தேய்ந்துபோகும்.

டிரையருக்கு டவலும் உடைகளும். லின்ட் (துணிப் பஞ்சுத் துகள்) வடிகட்டியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்காதீர்கள். கடைசிக் குளிர்விக்கும் நிமிடங்களை அவசரத்தில் வெட்டவே கூடாது. சமையல் எண்ணெய் மிச்சம் இருக்கும் துணியைச் சூடாகவே குவித்து வைத்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகச் சூடேறி, யாரும் இல்லாத நேரத்தில் குவியல் தீப்பிடிக்கும்.

படி 7: ரீவாஷ் கூடையைப் படியுங்கள்

சரியாக வராத துணியை உடனே மறுபடி இயந்திரத்தில் போட்டுவிடாமல், ஒரு மேசையில் விரித்துப் பாருங்கள். முழுவதும் சாம்பல் நிறம் என்றால் தண்ணீரின் கடினத்தையும் லோடு எடையையும் சோதியுங்கள். அயர்னருக்குப் பிறகு மட்டும் மஞ்சள் தெரிந்தால், காரமோ குளோரினோ முழுவதும் போகாமல் சூட்டில் எரிந்திருக்கிறது. அயர்னருக்குப் போகும் ஈரத் துணியில் பி.எச். தாளை அழுத்திப் பாருங்கள், சவர் பம்ப்பையும் பாருங்கள். டவல் துர்நாற்றம் வீசினால், ஈரத்தோடு அது தள்ளுவண்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று விசாரியுங்கள். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தால் சூட்டுமானியை நம்பாமல், தனி வெப்பமானி கொண்டு டிரம் தண்ணீரை அளந்து பாருங்கள். பலகையில் 70 என்று காட்டும் இயந்திரத்தின் உள்ளே 55 இருந்ததை நானே அளந்திருக்கிறேன்.