அடம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

எங்களுக்கு பாலக்கோடு பக்கம். பெரியவனுக்கு இப்ப 11 வயசு, ஆட்டிசம். அவனுக்கு 3 வயசு இருக்கும்போது தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல திடீர்னு தரையில விழுந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு கத்துனான், சுத்தி நின்னவங்க எல்லாம் ரெண்டு போடும்மா அடங்கிடுவான்னாங்க, நானும் போட்டேன். இன்னும் அது நெஞ்சுல நிக்குது. பஸ்ஸு ஏர் ஹாரன் சத்தம் அவனுக்கு நமக்கு கேக்குற மாதிரி கேக்கல, வலிக்கற மாதிரி கேக்குதுன்னு எனக்கு புரியவே ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷம் உங்களுக்கு வீணாகக் கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல வார்த்தைய தெரிஞ்சுக்கலாம். ஆட்டிசம் (பேசறது, பழகறது, சத்தம் வெளிச்சத்த தாங்கறது எல்லாம் வேற மாதிரி இருக்கும்), ஏடிஹெச்டி (கவனம் நிக்காது, மறதி, துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (எழுத்து கூட்டி படிக்க, எழுத சிரமம்) இந்த மாதிரி மூளை வேலை செய்ற விதமே கொஞ்சம் வேற மாதிரி இருக்கறவங்கள எல்லாம் சேத்து நியூரோடைவர்ஜென்ட்னு சொல்றாங்க. இது இடையில வந்து ஒட்டிக்கற வியாதி இல்ல, வளர்ற விதமே அப்படி, பரம்பரைக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. தாய் வயித்துல இருக்கும்போது கிரகணத்த பாத்தா, தடுப்பூசி போட்டியே அதனாலதான், நீ வேலைக்கு போனதாலதான் இப்படின்னு சொல்லுவாங்க. எதுவும் உண்மை இல்ல. தடுப்பூசிய மட்டும் தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க.

இப்ப நோட்டு விஷயத்துக்கு வர்றேன். 40 பக்க நோட்டு ஒண்ணு போதும். ரெண்டு வாரம் எழுதுங்க. மணி என்ன, அதுக்கு சரியா முன்னாடி என்ன நடந்துச்சு, குழந்தை என்ன பண்ணுச்சு, அதுக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, "அடம் பண்ணான்", "சேட்டை தாங்கல"ன்னு எழுதாதீங்க, கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. நான் எழுதுனதுல ஒண்ணு: "சாயந்திரம் 5.40, சட்னிக்கு மிக்ஸி போட்டேன், கைய காதுல வெச்சான், ரெண்டு நிமிஷத்துல தலைய சுவத்துல முட்டுனான், நான் திட்டுனேன், இன்னும் வேகமா முட்டுனான்." இத நாலு நாள் சேத்து படிச்சப்பதான் எனக்கே சுருக்குன்னுச்சு. கூடவே எத்தனை மணிக்கு தூங்குனான், என்ன சாப்பிட்டான், வெளிக்கு போனானா இல்லையா, இதையும் ஓரத்துல குறிச்சிடுங்க. இத யாரும் சொல்றதில்ல, ஆட்டிசம் இருக்கற குழந்தைங்க நிறைய பேருக்கு மலச்சிக்கல் இருக்கும், வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது, அடிக்கும் கடிக்கும். எங்க பையன் தம்பிய கடிச்ச நாள எல்லாம் நோட்டுல பாத்தா முக்காவாசி மூணு நாளா வெளிக்கு போகாத நாளு.

நோட்டுல காரணம் தெரிஞ்சதும் குழந்தைய மாத்த போகாதீங்க, சுத்தி இருக்கறத மாத்துங்க. மிக்ஸி போடறதுக்கு முன்னாடி "சத்தம் வரப்போவுது"ன்னு சொல்லிட்டு அவன மாடிக்கு அனுப்பிடுவேன், அதுக்கப்புறம் சுவத்துல முட்டுறது நின்னுச்சு, மருந்து கிடையாது மந்திரம் கிடையாது. பஸ்ஸுக்கு, ஃபேக்டரியில மிஷின் சத்தத்துக்கு போடுவாங்களே காது மேல மூடுற இயர்மஃப், அது வாங்குனோம். முடிஞ்ச வரைக்கும் கூட்டம் இல்லாத காலை பஸ்ஸுல போவோம். அடுப்படியில மினுக்கிக்கிட்டே இருந்த டியூப்லைட்ட மாத்துனோம், அது அவன தொந்தரவு பண்ணுதுன்னு நாங்க நினைச்சு கூட பாக்கல.

சாப்பாடு இன்னொரு பெரிய சண்டை. எங்க வீட்ல அவன் களி உருண்டைய ஆசையா சாப்பிடுவான், சாம்பார் சாதம் வெச்சா தட்டையே தள்ளிடுவான். கொழுப்புன்னு எங்க அத்தை சொல்லுவாங்க, அவங்க மேல தப்பு சொல்லல, எனக்கும் அப்ப அப்படித்தான் தோணுச்சு. யோசிச்சு பாத்தா களி எப்பவும் ஒரே மாதிரி வழுவழுன்னு இருக்கு, சாம்பார் சாதத்துல ஒரு வாய்க்கு தக்காளி தோலு, அடுத்த வாய்க்கு முருங்கைக்காய் சக்கை, எப்ப என்ன வரும்னே தெரியாது. இப்ப சாதம் தனி, பருப்பு தனி, காய் தனி கிண்ணத்துல. புதுசா ஒண்ணு குடுக்கணும்னா தட்டு ஓரத்துல ஒரு துண்டு வெச்சிடுவேன், சாப்பிடுன்னு சொல்றதில்ல, பத்து பதினஞ்சு தடவைக்கு அப்புறம் ஒரு நாள் தொட்டு பாப்பான்.

அடத்துக்கும் மெல்ட்டவுனுக்கும் வித்தியாசம் எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறாங்க. அடம்னா குழந்தை நம்மள பாத்துக்கிட்டே அழும், கேட்டது கிடைச்சா பெரும்பாலும் நின்னுடும். மெல்ட்டவுன்ல கேட்டத குடுத்தாலும் நிக்காது, அது மூளை தாங்க முடியாம கொட்டறது, குழந்தை கையில இல்ல. அந்த நேரத்துல பாடம் எடுக்காதீங்க, பேச்ச குறைங்க, லைட்ட அணைங்க, கூட்டத்த நகத்துங்க, தலை எங்கயும் இடிக்காம பாத்துக்கிட்டு பக்கத்துல உக்காருங்க. கட்டிப்பிடிச்சா சில குழந்தைங்க அமைதியாகும், சில குழந்தைங்களுக்கு இன்னும் அதிகமாகும், உங்க குழந்தை எதுன்னு நோட்டு சொல்லும். முடிஞ்சதுக்கு அப்புறம் துவண்டு போயிருக்கும், ஏன்டா அப்படி பண்ணன்னு அப்ப விசாரணை வேணாம், தண்ணி குடுத்து விட்டுடுங்க. கைய உதறறது, முன்னும் பின்னும் ஆடறது இதெல்லாம் அவங்க தங்கள அமைதியாக்கிக்கற வழி, உடம்புக்கு அடி படாத வரைக்கும் தடுக்காதீங்க. என் கண்ண பாத்து பேசுன்னு மோவாய திருப்பறதும் வேணாம், பாக்காமலே நல்லா கேக்கற குழந்தைங்க இருக்கு.

திருவிழாவுக்கு கூட்டிட்டு போக கூடாதான்னு கேட்டா, போகலாம், ஆனா திட்டம் வேணும். மாசி மாசம் காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு போவோம், முந்தின நாளே போட்டோ காட்டி சொல்லிடுவேன், கூட்டம் வரும், மேளம் அடிப்பாங்க, வேஷம் போட்டவங்க வருவாங்க, நாம மாடியில இருந்துதான் பாப்போம்னு. உள்ள ஒரு ரூம் அவனுக்குன்னு காலியா வெச்சிருப்பாங்க. பத்து நிமிஷம் பாத்துட்டு உள்ள போயிட்டா போகட்டும், அந்த பத்து நிமிஷம் அவன் பாத்த திருவிழாதான். பொங்கலுக்கு எருது விடறதுக்கு மட்டும் கூட்டிட்டு போறதில்ல, அங்க அவசரத்துக்கு வெளிய வர வழி கிடைக்காது.

பேச்சு பத்தி. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் நிறைய வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசுவாங்க, ஸ்கூல்ல தமிழ், அதனாலதான் குழந்தை பேசலன்னு சொல்லி வீட்டு பாஷைய நிறுத்திடறாங்க. ரெண்டு மூணு பாஷை கேக்கறதால ஆட்டிசம் வராது, பேச்சும் நின்னு போகாது. உங்களுக்கு இயல்பா எது வருதோ அதுல பேசுங்க, ஆயா தாத்தாகிட்ட இருந்து குழந்தைய பிரிக்காதீங்க. ஆம்பள புள்ளைங்க லேட்டாதான் பேசும்னு சொல்றத நம்பி உக்காந்துடவும் வேணாம். ஒரு வயசுல பேர் சொல்லி கூப்ட்டா திரும்பல, ஒன்றரை வயசுல ஒண்ண விரல் நீட்டி காட்டல, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்து சொல்லல, இல்ல பேசிக்கிட்டு இருந்த வார்த்தை எந்த வயசுலயாவது காணாம போச்சு, இதுல ஒண்ணு இருந்தாலும் காட்டிடுங்க. காது கேக்குதான்னு டெஸ்ட் கண்டிப்பா பண்ணுங்க.

எங்க காட்டறது? அங்கன்வாடி டீச்சர்கிட்ட சொன்னாலே குழந்தைங்கள பரிசோதிக்க வர்ற அரசு மருத்துவக் குழு பத்தி சொல்லுவாங்க. மாவட்ட அளவுல இதுக்குன்னே ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இருக்கு, தர்மபுரியிலயும் கிருஷ்ணகிரியிலயும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில போய் கேளுங்க. எங்க பக்கத்துக்காரங்க நிறைய பேர் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு போறாங்க, அங்க குழந்தைங்க மனநலத்துக்கு தனி பிரிவு இருக்கு. எங்க போனாலும் நோட்டையும், செல்போன்ல எடுத்த ரெண்டு மூணு வீடியோவையும் கொண்டு போங்க. டாக்டர் ரூம்ல குழந்தை சமத்தா உக்காந்திருக்கும், வீட்ல நடக்கறத அவரு எப்படி பாப்பாரு, நான் அழுதுகிட்டு வாயால சொன்னத விட அந்த நோட்டுதான் அங்க பேசுச்சு.

பேச்சு வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க, டம்ளர், கக்கூஸ், மாடி, ஆயா, வலிக்குது இதெல்லாம் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு அட்டையில ஒட்டி அவன் கைக்கு எட்டற மாதிரி மாட்டுங்க. சென்னையில உருவான ஆவாஸ்னு ஒரு ஆப் கூட இருக்கு, படத்த தொட்டா பேசும். படத்துல காட்டி பழகிட்டா பேச்சே வராதுன்னு பயமுறுத்துவாங்க, அப்படி இல்ல, கேட்டது கிடைக்குதுன்னு தெரிஞ்சா குழந்தைக்கு சொல்ற ஆசைதான் வளரும். நாமளும் சின்ன சின்னதா பேசணும். "ஓடாத"ன்னா எதை பண்ணணும்னு அவனுக்கு தெரியாது, "நடந்து வா"ன்னா தெரியும். ஒரு தடவை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அவன் மூளைக்கு அந்த நேரம் வேணும்.

ஸ்கூலு. ஒரு ஸ்கூல்ல எங்கள வேற இடம் பாத்துக்க சொல்லிட்டாங்க, அன்னிக்கு சட்டம் எதுவும் தெரியாம தலைய குனிஞ்சு வந்துட்டேன். 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, ஆட்டிசமும் டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் அதுல இருக்கு, பாதிப்பு 40 சதவீதமும் அதுக்கு மேலயும்னு சான்று இருந்தா 6 வயசுல இருந்து 18 வயசு வரைக்கும் பக்கத்துல இருக்கற ஸ்கூல்லயோ விருப்பப்பட்ட சிறப்பு பள்ளியிலயோ இலவசமா படிக்க உரிமை இருக்கு. ஏடிஹெச்டி அதுல தனியா இல்ல, அது பெரிய குறைதான். ஒவ்வொரு ஒன்றியத்துலயும் வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருக்காங்க, நேர்ல போய் பேசுங்க. யூடிஐடி கார்டுக்கு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஆன்லைன்ல போட்டுட்டு, கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல உதவித்தொகை, பஸ் சலுகை எல்லாம் விசாரிங்க, இழுத்தடிச்சா திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனு குடுங்க. பத்தாவது பரீட்சைக்கு கூடுதல் நேரம், சொல்றத எழுதற ஆளு, டிஸ்லெக்சியா இருந்தா மொழிப்பாட விலக்கு இதெல்லாம் கிடைக்கும், ஆனா வருஷ ஆரம்பத்துலயே ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கணும். டீச்சருக்கு நோட்ட முழுசா குடுக்காதீங்க, அவங்களுக்கு 40 பசங்க, ஒரு பக்கம் எழுதி குடுங்க: ஜன்னல் பக்கம் வேணாம், பெல் அடிக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க, போர்டுல இருக்கறத போட்டோ எடுக்க விடுங்க.

பெரியவங்கள பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. எங்க வீட்டுக்காரரோட தம்பி ஓசூர்ல கம்பெனி வேலை, 31 வயசு. கரண்ட் பில் மறப்பாரு, வண்டி சாவிய தினமும் தேடுவாரு, அஞ்சாறு வேலை மாறிட்டாரு, வீட்ல எல்லாரும் பொறுப்பில்லாதவன்னு முத்திரை குத்திட்டோம், நானும்தான். என் பையனுக்காக குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கான்னு டாக்டர் கேட்டப்ப, கூட வந்த அவரு, எனக்கும் இப்படித்தான்னு மெதுவா சொன்னாரு. ஏடிஹெச்டின்னு தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி, நான் சோம்பேறி இல்லையா அண்ணின்னு கேட்டு அழுதாரு. பெரியவங்களுக்கு பாக்கும்போது 12 வயசுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு கேப்பாங்க, பழைய ரேங்க் கார்டு இருந்தா எடுத்துட்டு போங்க, அம்மாவ கூட்டிட்டு போங்க. இப்ப அவருக்கு மாத்திரையும் உண்டு, ஆனா வீட்ல மாத்துனதும் பெருசு. வேலை சொன்னா ஒரு நேரத்துக்கு ஒண்ணு, வாட்ஸ்அப்புல எழுதி. சாவிக்கு கதவு பக்கத்துல ஒரு ஆணி, வேற எங்கயும் கிடையாது. பில்லு கட்டற வேலைய அவரு பண்ணும்போது எங்க வீட்டுக்காரரு சும்மா பக்கத்துல உக்காந்திருப்பாரு, அது எப்படின்னு தெரியல முடிச்சிடறாரு. "இது கூடவா மறந்துட்ட" மட்டும் சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். கல்யாணம் பண்ணி வெச்சா பொறுப்பு வந்துடும்னு ஒரு பொண்ணு வாழ்க்கைய இதுல கொண்டு வந்து விடாதீங்க, மொதல்ல அவங்களுக்கே தங்கள பத்தி தெரியட்டும்.

பொண்ணுங்களுக்கு இது இன்னும் லேட்டாதான் தெரியுது, மத்த பொண்ணுங்கள பாத்து பாத்து அப்படியே நடிச்சு சமாளிச்சிடுவாங்க, அமைதியான பொண்ணுன்னு பேரு வாங்கும், வீட்டுக்கு வந்து உள்ளுக்குள்ள உடைஞ்சு போகும். மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416-க்கு கூப்பிடலாம், டெலி மானஸ், அரசாங்கத்துது, இலவசம். பெத்தவங்களும் கூப்பிடலாம்.

ஆறு மாசத்துல குணப்படுத்தறேன், ஸ்டெம் செல் ஊசி போடறேன்னு லட்சக்கணக்குல கேட்டா நகைய அடகு வெக்காதீங்க, ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்ல தேசிய மருத்துவ ஆணையமே பரிந்துரைக்கல. கோயில்ல கயிறு கட்டறது ஆயாவுக்கு நிம்மதின்னா கட்டிக்கட்டும், பேச்சுப் பயிற்சி மாதிரி தெரபிய மட்டும் விட்டுடாதீங்க. 18 வயசு ஆனதும் தானா முடிவெடுக்க முடியாத நிலைமையில இருக்கற புள்ளைக்கு சட்டப்படி காப்பாளர் போட 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல வழி இருக்கு, மாவட்டத்துல கலெக்டர் தலைமையில அதுக்கு கமிட்டி இருக்கு. அதே சட்டத்துல நிராமயான்னு 1 லட்சம் வரைக்கும் மருத்துவ காப்பீடும் உண்டு, ஆட்டிசம் குழந்தைங்களுக்கு சேரும், கேட்டு வாங்குங்க.

கடைசியா, நோட்டோட பின் அட்டைக்கு முன்னாடி ஒரு பக்கம் ஒதுக்குங்க, நீங்க இல்லாத நாளுக்கு. போன வருஷம் எனக்கு ஆபரேஷன், நாலு நாள் ஆஸ்பத்திரி, அவன எங்க அம்மாகிட்ட விட்டுட்டு போனப்ப எழுதுனது அப்படியே இருக்கு: சாதம் பருப்பு தனித்தனியா வைங்க. குளிக்க ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லிட்டு ஊத்துங்க. நீல சட்டை காயலன்னா ஈரமாவே கேப்பான், அயர்ன் பண்ணி குடுங்க. அம்மா எங்கன்னு கேட்டா காலண்டர்ல வட்டம் போட்ட தேதிய காட்டுங்க, நாளைக்கு வந்துடுவான்னு சும்மா சொல்லாதீங்க. ராத்திரி தூக்கம் வரலன்னா மாடியில தண்ணி டேங்க் பக்கத்துல உக்கார வெச்சு பக்கத்துல இருங்க, பேச வேணாம்.