கெரிஸ் எந்த ஊருடையது? அலகைப் பாருங்கள்

தென்கிழக்கு ஆசியாவின் பாரம்பரியக் கத்தியான கெரிஸ் ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் பிடியைப் பார்ப்பதில்லை. பிடியும் உறையும் கைமாறும்போது மாற்றப்படுபவை. அலகுதான் ஊர் சொல்லும்.

முதலில் எடையைக் கவனியுங்கள். அகலமாக, கனமாக, வெட்டுவதற்கென்றே அடித்த வாள் போல இருந்தால் தென் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடையதாக இருக்கலாம். மெலிந்து, குத்துவதற்கு ஏற்ற குத்துவாளாக இருந்தால் ஜாவா, மலாய்ப் பக்கம்.

அப்புறம் அலகின் அடி. அங்கே குறுக்கே அமர்ந்த இரும்புப் பட்டைக்கு கங்ஜா என்று பெயர். மோரோ கெரிஸில் அதைப் பிடியோடு இறுக்கிக் கட்டும் உலோகக் கவ்வி ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுதான் அசாங்-அசாங். வெட்டும்போது அலகு ஆடாமல் காப்பது அது. பழைய மோரோ அலகுகளில் கங்ஜா தனித் துண்டு. 20ஆம் நூற்றாண்டு அலகுகள் பலவற்றில் வெறும் கோடு மட்டும் கீறியிருப்பார்கள். கங்ஜாவும் அலகும் சேரும் இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள், அவசரப்படாதீர்கள்.

ஜாவா அலகில் பாமோர் என்னும் அடுக்கிரும்பு வரிகள் கருமையின் மேல் வெளிறித் தெரியும். பாலி அலகு அதைவிடப் பெரியது, வழவழப்பானது. பிடி மாற்றப்படாததாக இருந்து, அது நீண்ட மூக்குடைய தாஜோங் என்னும் வகை என்றால், தெற்குத் தாய்லாந்தின் பத்தானி, மலேசியாவின் கிளந்தான் பக்கம்.

அலகில் அலைபோல் வரும் வளைவுகளை எண்ணி ஊரை முடிவு செய்யாதீர்கள். நேரான அலகும் எல்லா இடத்திலும் உண்டு.