எஞ்சின் ஆயில் அளவுக்கு மேல் ஏறிவிட்டதா? வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ஆயில் குறைந்தால் எஞ்சின் போய்விடும் என்பது கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் கெடுதல்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. "அரை லிட்டர் சேர்த்தே ஊத்தியிருக்கேன் சார், வண்டி சும்மா ஜம்முனு ஓடும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த அரை லிட்டரால் எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பர் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது, நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று. ஆயில் மட்டம் அதைத் தொடும் அளவுக்கு ஏறினால், அடிபட்டு அடிபட்டு நுரைத்துவிடும். ஆயில் பம்ப் அந்த நுரையை இழுக்கும்போது காற்றும் சேர்ந்து போகிறது, அழுத்தம் குறைகிறது, பேரிங்குகளுக்குச் சரியான மசகு கிடைப்பதில்லை. ஆயில் குறைந்தால் வரும் அதே சேதம், கூடினாலும் வருகிறது. மிச்ச ஆயில், எஞ்சினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் பில்டர் பக்கம் ஏறி, எரிந்து, சைலன்சரில் நீலப் புகையாக வரும். பெட்ரோல் காரில் பிளக் கரி பிடிக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும். டீசல் காரில் இன்னும் ஆபத்து: ரொம்ப அதிகமாகி உள்ளே போகும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் ஓட வாய்ப்பு உண்டு.

படி 1: சரியாக அளப்பது

உண்மையில் ஆயில் கூடியிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டை ரோட்டைவிட உயர்த்திக் கட்டுகிறோம். அதனால் வாசலில் கார் நிற்கும் இடம் பெரும்பாலும் சரிவு. சரிவில் எடுக்கிற அளவு பொய் சொல்லும். காரைத் தெருவில் சமதளமாக நிறுத்துங்கள்.

ஓட்டிவந்த வண்டி என்றால் எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். மேலே ஏறிய ஆயில் சேம்பருக்கு இறங்கிவர அந்த நேரம் வேண்டும். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, கடைசி வரை செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் குழாய்ச் சுவரில் உரசி ஆயில் இழுபட்டிருக்கும். எந்தப் பக்கம் மட்டம் கீழே தெரிகிறதோ அதுதான் சரியான அளவு.

பத்து நிமிஷம் காத்திருக்காததால்தான் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினையே வருகிறது. பெட்ரோல் பங்கில் வண்டியை அணைத்த கையோடு டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஆயில் குறைவாகத்தான் காட்டும். உடனே அரை லிட்டர் டாப்அப்.

படி 2: எவ்வளவு கூடுதல்?

டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடைவெளி பல கார்களில் ஒரு லிட்டர் அளவு. சின்ன எஞ்சின்களில் அதற்கும் குறைவு. உங்கள் வண்டியின் கணக்கு மேனுவலில் இருக்கும். மேல்கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவு ஏறியிருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். கண் வைத்திருந்தால் போதும். இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியில் பாதி அளவு மேலே போயிருந்தால் எடுத்தே ஆகவேண்டும், எடுக்கும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தானே, போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டாம்.

படி 3: ஏன் கூடியது?

சர்வீஸ் முடிந்த கையோடு கூடியிருந்தால் காரணம் எளிது. எஞ்சினுக்கு வேண்டியது மூன்று லிட்டர் சுற்றி இருக்கும், கடையில் வாங்கியது மூன்றரை லிட்டர் கேன். மிச்சம் வைப்பானேன் என்று முழுவதும் ஊற்றியிருப்பார்கள். அல்லது ஆயில் பில்டர் மாற்றாமலே, பில்டரோடு சேர்த்துச் சொன்ன அளவை ஊற்றியிருப்பார்கள். பழைய ஆயிலை முழுதாக வடியவிடாமல் போல்ட்டை மூடியிருக்கலாம்.

யாரும் எதுவும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், படி 4-க்குப் போகாமல் நேரே படி 6-ஐப் படியுங்கள்.

படி 4: சிரிஞ்ச் வைத்து உறிஞ்சுவது

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காருக்கு அடியில் போகவேண்டாம், ஜாக்கி வேண்டாம். மெடிக்கலில் 50 மில்லி சிரிஞ்சும், டிரிப்ஸ் ஏற்றும் ட்யூபும் வாங்குங்கள். ட்யூபின் இரு முனைகளையும் வெட்டி, ஒரு முனையைச் சிரிஞ்சில் இறுக்கமாகச் செருகுங்கள்.

டிப்ஸ்டிக்கைப் பக்கத்தில் வைத்து, பிடியிலிருந்து நுனி வரையிலான நீளத்தை ட்யூபில் அளந்து அங்கே டேப் ஒட்டுங்கள். டேப்புக்கு மேல் ட்யூப் உள்ளே போகக்கூடாது. இதனால் ட்யூப் எங்கேயும் போய்ச் சிக்காது.

எஞ்சின் கொதிக்கும் சூட்டில் இருந்தால் ட்யூப் இளகிவிடும், கையும் சுடும். நம்ம ஊர் மத்தியான வெயிலில் நின்ற காரில் ஆயில் போதுமான அளவு இளகியே இருக்கும், தனியாகச் சூடேற்ற வேண்டாம். டிப்ஸ்டிக் குழாயில் ட்யூபை மெதுவாக இறக்கி இழுங்கள். அளவுகோடு போட்ட பாட்டிலில் விடுங்கள், எவ்வளவு எடுத்தோம் என்பது தெரியவேண்டும். 150 மில்லி எடுத்ததும் ட்யூபை வெளியே எடுத்து டிப்ஸ்டிக்கில் பாருங்கள். அவசரப்பட்டு மொத்தமாக இழுத்தால் பிறகு ஊற்றவேண்டி வரும். இரண்டு கோட்டுக்கும் நடுவே, சற்று மேலே வந்தால் நிறுத்திவிடலாம். மேல்கோடு வரை நிரம்பியிருந்தால்தான் நல்லது என்று எந்த நியாயமும் இல்லை.

சில கார்களில் குழாயில் ட்யூப் இறங்காது. சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அப்போது ஒர்க்‌ஷாப்பில் உறிஞ்சும் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 5: டிரெயின் போல்ட் வழி

சேம்பரின் அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடிக்கும் வழி இது. இதைத் தெரிந்தவர் கையில் விடுவதே நல்லது. வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். எஞ்சின் போல்ட் என்று நினைத்துக் கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிவிடும் ஆபத்தும் உண்டு. போல்ட்டைக் கழற்றினால் வாஷரைப் புதிதாகப் போடவேண்டும். அலுமினிய சேம்பரில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை போய்விடும்.

எந்த வழியில் எடுத்தாலும், பிறகு ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நீலப் புகை இருந்தால் ஏர் பில்டரைத் திறந்து எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். சேம்பர் ஓரத்தில் கசிவு இருந்தாலும், ஆயில் விளக்கு எரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

படி 6: தானாக ஏறிய ஆயில்

ஆயில் தானாகப் பெருகாது. வேறு ஏதோ ஒன்று அதில் கலந்திருக்கிறது. இங்கே சிரிஞ்ச் வேலைக்கு ஆகாது.

பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற பில்டர் உண்டு. அதில் சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசல் தெளிக்கும். முத்தியால்பேட்டையிலிருந்து பெரிய மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு என்று சின்னச் சின்ன ஓட்டமாகவே இருந்தால், எரிப்பு பாதியில் நின்று அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வரும், தொட்டால் நீர்த்திருக்கும். முழு ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது ஈ.சி.ஆரில் மரக்காணம் பக்கம் அரைமணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவாருங்கள்.

ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, நம் பகுதிக்கே உரிய வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தெருவெல்லாம் ஆறாக ஓடியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர் பக்கமும் மூழ்கியது. பானட் வரை தண்ணீரில் நின்ற காரில் ஆயில் மட்டம் உயர்ந்திருந்தால், சேம்பரின் அடியில் தண்ணீர், அதன்மேல் ஆயில் என்று பொருள். சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்துப்போய், ஆயில் முழுவதையும் வடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எடுத்த ஆயில்

புது ஆயில், சுத்தமான சிரிஞ்சில் எடுத்தது என்றால் மூடிவைத்து டாப்அப்புக்குப் பயன்படுத்தலாம். பழையது என்றால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புதுச்சேரியின் பெரிய வாய்க்காலில் விழுவது நேரே கடலுக்குத்தான் போகிறது. பயன்படுத்திய ஆயில் சட்டப்படியே அபாயக் கழிவு. காலி ஆயில் கேனில் பிடித்து, மூடியை இறுக்கி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.