டிராயிங்கின் மூலையில் இருக்கும் ஒரு வரியைப் படிப்பது எப்படி

ஒரு கியரின் டிராயிங்கைக் கையில் எடுத்தால், மூலையில் பொடி எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கும்: "கார்புரைஸ் செய்யவும். 58–62 எச்.ஆர்.சி. கேஸ் டெப்த் 0.8 மி.மீ. ஆர்.ஏ. 0.4." உலோகச் சோதனைக்கூடத்துக்கு வேலை பழக வருபவர்களிடம் புத்தகத்துக்கு முன்னால் நான் நீட்டுவது இந்த வரியைத்தான். எங்கள் துறையின் பாதிச் சொற்கள் இதற்குள் கிடக்கின்றன. ஒவ்வொரு எண்ணைப் பார்க்கும்போதும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இது எவ்வளவு ஆழத்துக்குப் பொருந்தும்?

முதலில் 58–62. இது ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை. எச்.ஆர்.சி. என்றால் ராக்வெல் சி அளவு. 120 டிகிரிக் கூம்பாகத் தீட்டிய வைரத்தை 150 கிலோ சுமையில் அழுத்தி, எவ்வளவு உள்ளே இறங்கியது என்று பார்க்கிறோம். ஆக, ஹார்ட்னஸ் என்பது குழி விழுவதை எதிர்க்கும் குணம். அதற்கு மேல் அந்தச் சொல்லில் எதையும் ஏற்றக் கூடாது. கடினமானது உடையாது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அரத்தைப் பாருங்கள். மற்ற இரும்பைத் தேய்த்து எடுக்கும் அளவுக்குக் கடினம். அதையே வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்தால் வளையாது, பட்டென்று முறியும். (அடித்துப் பார்க்க வேண்டாம், சில்லு கண்ணில் தெறிக்கும்.) முறியாமல் அடி தாங்கும் குணத்துக்கு டஃப்னஸ் என்று பெயர். எஃகில் ஒன்று ஏறினால் மற்றது பெரும்பாலும் இறங்கும்.

ஸ்டிஃப்னஸ், அதாவது விறைப்பு, இந்த இரண்டிலும் சேராது. "தண்டு சுமையில் வளைகிறது, ஹார்டன் செய்து (கடினமாக்கி) கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வளைந்த தண்டு சுமையை எடுத்ததும் பழையபடி நிமிர்கிறதென்றால் அங்கே குறை விறைப்பில்தான். ஒரு பொருளின் விறைப்பைச் சொல்லும் எண் யங் குணகம்; எஃகுக்கு அது ஏறத்தாழ 210 ஜிகாபாஸ்கல். ஹார்டன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தண்டைத் தடிமனாக்குங்கள். உருண்டைத் தண்டின் விட்டத்தை இரட்டித்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு 16 மடங்காகும்.

இப்போது கார்புரைஸ் ஏன் என்பது விளங்கும். கியர்ப் பல்லின் தோல் தேயக் கூடாது, உள்ளுடல் முறியக் கூடாது. அதனால் 0.2 சதவீதம் போலக் குறைந்த கார்பன் உள்ள எஃகை எடுத்து, 900 முதல் 950 டிகிரி செல்சியஸில் கார்பன் நிறைந்த சூழலில் மணிக்கணக்காக வைக்கிறோம். கார்பன் தோலுக்குள் மெல்ல ஊறுகிறது. பிறகு எண்ணெயில் குவென்ச் செய்கிறோம், அதாவது சட்டென்று குளிர்விக்கிறோம். கார்பன் ஏறிய தோல் மட்டும் நன்றாகக் கடினப்படும், உள்ளே டஃப்னஸ் தங்கும். கடைசியில் மிதமான சூட்டில் டெம்பர் செய்து நொறுங்கும் குணத்தைக் கொஞ்சம் தணிக்கிறோம். நைட்ரைடிங் இதற்குத் தம்பி முறை. 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் நைட்ரஜனை ஏற்றுவது. குவென்ச் கிடையாது, அதனால் பாகம் கோணுவது குறைவு. ஆனால் கிடைக்கும் தோல் மெல்லியது.

கேஸ் டெப்த் 0.8 என்பது அந்தத் தோலின் கனம். எங்கே தோல் முடிந்து உடல் தொடங்குகிறது? கோடு போட்டதுபோல ஒன்றும் இருக்காது. வெட்டிப் பார்த்து, விளிம்பிலிருந்து உள்நோக்கிக் குழி குழியாகச் சோதித்து, கடினத்தன்மை 550 விக்கர்ஸுக்கு (வைரக் குழியின் மூலைவிட்டத்தை அளந்து சொல்லும் இன்னொரு ஹார்ட்னஸ் அளவு) இறங்கும் இடம் வரை அளப்பதுதான் வழக்கம். அந்த 0.8 கிரைண்டிங்குக்கு முன்பா பின்பா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முன்பு என்றால், 0.2 தேய்த்து எடுத்தபின் உங்கள் கையில் இருப்பது 0.6 தான்.

ஆழத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் முதல் வருடத்தில் நடந்தது. டைட்டானியம் நைட்ரைடு கோட்டிங் போட்ட கருவிகள் சோதனைக்கு வந்தன. பொன்னிறம், 3 மைக்ரான் கனம் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தக் கோட்டிங் 2000 விக்கர்ஸைத் தாண்டும். நான் 10 கிலோ சுமையில் சோதித்தேன், 700 வந்தது. மொத்தத்தையும் நிராகரித்து எழுதிவிட்டேன். மூத்தவர் என்னைத் திட்டவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "வைரம் எவ்வளவு தூரம் போயிருக்கும், கணக்குப் போடு" என்றார். விக்கர்ஸ் குழியின் ஆழம் அதன் மூலைவிட்டத்தில் ஏழில் ஒரு பங்கு. மூலைவிட்டம் 163 மைக்ரான், ஆழம் 23. மூன்று மைக்ரான் கோட்டிங்கைத் துளைத்துக்கொண்டு போய் அடியில் இருந்த எஃகை அளந்திருக்கிறேன். குழியின் ஆழம் கோட்டிங் கனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதியை அன்றிலிருந்து மறந்ததில்லை. இந்தக் கோட்டிங்குக்கு அது 0.3 மைக்ரான், சுமை வெறும் 5 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதற்கு மிக நுண்ணிய குழி போட்டு அளக்கும் நானோ இண்டென்டேஷன் கருவிதான் சரி. ஆகவே சான்றிதழில் ஹார்ட்னஸ் எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் சுமையைத் தேடுங்கள். எச்.வி. என்பது விக்கர்ஸ் ஹார்ட்னஸ்; "எச்.வி. 10" என்றால் 10 கிலோ, "எச்.வி. 0.3" என்றால் 300 கிராம்.

ஆர்.ஏ. 0.4 என்பது சொரசொரப்பு. மேடுகளும் பள்ளங்களும் நடுக்கோட்டிலிருந்து சராசரியாக 0.4 மைக்ரான் விலகியிருக்கின்றன என்று பொருள். சராசரி என்பதால் அது சொல்லாமல் விடுவதும் உண்டு. கூர்மேடுகள் நிறைந்த பரப்பும், மேடுகள் மழிக்கப்பட்டு எண்ணெய் தங்கும் பள்ளங்கள் மட்டும் உள்ள பரப்பும் ஒரே ஆர்.ஏ. காட்டலாம். என்ஜின் சிலிண்டருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கோட்டிங், பிளேட்டிங் என்று வந்தால் மேலே ஏறுகிறதா, உள்ளே வளர்கிறதா என்று பாருங்கள். பிளேட்டிங், அதாவது உலோக முலாம், மேலே படியும். அலுமினியத்தை ஆனோடைஸ் செய்யும்போது உலோகமே ஆக்சைடாக மாறுவதால், ஹார்டு ஆனோடைஸ் 50 மைக்ரான் என்றால் ஏறத்தாழ பாதி உள்ளே, பாதி வெளியே. தண்டின் விட்டம் 50 மைக்ரான் கூடும். மெஷினிங் செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் தண்டு பேரிங்குக்குள் நுழையாது.

கடைசியாக, அந்த வரியில் எழுதாமல் விடப்படும் ஒன்று. உயர்வலிமை எஃகு போல்டுகளுக்குத் துத்தநாகத்தை எலக்ட்ரோபிளேட்டிங்காக (மின்சாரத்தால் முலாமாக)ப் போடும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். அப்போது எதுவும் தெரியாது. இறுக்கி வைத்த போல்டு மறுநாள் யாரும் தொடாமலே தலை தெறித்துக் கிடக்கும். இதுதான் ஹைட்ரஜன் எம்பிரிட்டில்மென்ட், ஹைட்ரஜனால் எஃகு நொறுங்கும் குணம் பெறுவது. பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள், 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் பேக் செய்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பிளேட்டிங் முடிந்த நேரமும் பேக்கிங் தொடங்கிய நேரமும் சான்றிதழில் இல்லாத போல்டுகளுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.